பதினாறு எழுத்து மீதி

ஓல்டனில் நவம்பர் முழுக்கப் புகார் மூடியிருக்கும்.
ஆரே ஆறு எந்தப் பக்கம் என்று
சத்தத்தை வைத்துத்தான் சொல்லலாம்.
இரவு வேலை முடிந்து,
சீட்டுக்கடியில் கிடந்த வாழைப்பழத் தோல், ஒற்றைக் கையுறை,
பாதி நிரப்பிய சுடோகு எல்லாம் பொறுக்கிக் கொட்டிவிட்டு,
இந்த நாட்டு ரயில்பாதையை அளக்கத் தொடங்கிய
பூச்சியம் கிலோமீற்றர் கல்லைத் தாண்டி
ஐந்தே முக்காலுக்கு வீடு வருவேன்.
திறப்பைப் போட முதலே விசிறிச் சத்தம் கேட்கும்,
உள்ளே ஆரோ முழித்திருக்கிற மாதிரி.

மூன்றாம் மாடி நிஃபெலர் ஒருநாள் மறித்தார்.
"இரவிரவாக என்ன ஓடுது? வாஷ்மெஷினா?
பத்து மணிக்குப் பிறகு கூடாது."
ஒரு எண்ணைச் சோதிக்கிறேன் என்றேன்.
"யாருடைய எண்?"
அதற்குமேல் எனக்கு ஜேர்மன் இல்லை.

தமிழில் என்றால் சொல்லியிருப்பேன்:
இரண்டை ஆறு கோடிச் சொச்சம் தடவை எழுதிப் பெருக்குங்கள்.
ஒன்றைக் கழியுங்கள்.
வருகிற எண் பகுமா, பகாதா?
அச்சடித்தால் ஏழெட்டுத் தடித்த புத்தகம் வரும், நிஃபெலர்,
ஒரே ஒரு எண்.
பகாத ஒன்றைத் தேடுவதற்காக
வேலையைப் பகிர்ந்து வைத்திருக்கிறார்கள்.
ஆளுக்கொன்று. சம்பளம் கிடையாது.

என் கொம்பியூட்டர் பழசு.
மூடிப்போன டிரைவிங் ஸ்கூலில் நாற்பது பிராங்குக்கு எடுத்தது.
அதற்குப் புது எண் கிடைக்காது.
முன்பே ஒருவர் சோதித்துப் "பகும்" என்று எழுதிவைத்ததை
முதலிலிருந்து திரும்பச் செய்யவேண்டும்.
முடிவில் பதினாறு எழுத்தில் ஒரு மீதி வரும்.
அவருடையதும் என்னுடையதும் பொருந்தினால்
அந்த எண்ணின் கதவைச் சாத்திவிடுவார்கள்.
பேர் புகழ் ஒன்றுமில்லை.
தெரிந்துதான் எடுத்தேன்.

இந்த எண்ணை ஒன்பது வருடத்துக்கு முந்திச் செய்தவர் பெயர்
கெர்மாரெக்.
அவருடைய மெஷினின் பெயர் குசீன்.
பிரெஞ்சில் அடுப்படி.
தனிய இருந்து சிரித்தேன்.
எங்களுக்கும் அது குசினிதானே,
பறங்கி விட்டுவிட்டுப் போன சொல்.

நாற்பத்தொரு நாள் ஓடியது.
ஹீட்டரைத் திருகவே இல்லை.
காலுறைகளை அதன்மேல்தான் காயப்போட்டேன்.

நாற்பத்திரண்டாம் நாள் விடிய
மீதி பொருந்தவில்லை.
முதல் எழுத்திலேயே இல்லை.

என்னைத்தான் சந்தேகித்தேன். பழக்கம்.
மெமரியைக் கழற்றி
அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன்.
எண் மூன்றாவது ஆளுக்குப் போனது.
மூன்று கிழமை கழித்து வந்த பதில்:
நான் செய்தது சரி.
பிழை குசினியில்.

ஒன்பது வருடத்துக்கு முந்தி ஓர் இரவு
பிரான்ஸில் எங்கோ சூப் பொங்கியிருக்கும்,
ஆவியில் ஒரே ஒரு பூச்சியம் ஒன்றாகப் புரண்டிருக்கும்,
கெர்மாரெக் கரண்டியைக் கழுவிவிட்டுப் படுத்திருப்பார்.
இது தெரிந்த ஆட்கள் உலகத்தில் இரண்டு பேர்.
அவருக்குச் சொல்லலாம் என்றால்
ஆறு வருடமாக அவர் ஒரு எண்ணும் எடுக்கவில்லை.

சொல்லி என்ன?
பிழையான விடையும் பகும் என்றது.
சரியான விடையும் பகும் என்கிறது.
எதனால் பகும் என்பதை இந்தச் சோதனை சொல்லாது.
ஒரு காரணியைக் கூடக் கையில் தராது.

இதே ஊர் நீதிமன்றத்தில்
ஜெயசீலனும் நானும் கையெழுத்து வைத்தபோதும்
காரணம் கேட்கவில்லை.
இருவருக்கும் சம்மதமா என்றார்கள்.
பதினெட்டு நிமிடம்.
வெளியே வந்து ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறினோம்.

இன்று அடுத்த எண் வந்திருக்கிறது.
உங்கள் மெஷினுக்கு ஒரு பெயர் வையுங்கள் என்று கேட்டது.
நிஃபெலரை நினைத்து
வாஷ்மெஷின் என்று அடித்தேன்.
பொருந்தாமல் போனால்,
மூன்றாவதாக வருகிற ஆரோ ஒருவர்
தனிய இருந்து சிரிக்கட்டும்.